எந்த சர்வரிடம் கச்சேரியை ஒப்படைப்பது? பதிவு சேர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

பழைய கச்சேரிப் பதிவுகளைத் தேடிச் சேர்த்து, சுத்தம் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றிக் காத்துவரும் ரசிகர்களுக்கு,



கேசட்டுகளை எல்லாம் ஏற்றி முடித்தவர்கள் இப்போது அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் கச்சேரியை ஹாலில் உள்ள ஸ்பீக்கரில் கேட்க வேண்டும், சமையலறையிலும் கேட்க வேண்டும், ரயிலில் போகும்போது போனிலும் கேட்க வேண்டும். அதற்கு வீட்டிலேயே ஒரு மியூசிக் சர்வர் போட வேண்டும். எதைப் போடுவது, எதை நம்புவது என்று சந்திக்கும்போதெல்லாம் கேட்கிறீர்கள். ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எந்த சர்வர் மென்பொருளும் உங்கள் பதிவுகள் அளவுக்கு நீடிக்கப் போவதில்லை. 1960களில் ஸ்பூல் டேப்பில் பிடித்த கச்சேரிகள் உங்களில் சிலரிடம் இன்றும் இருக்கின்றன. அந்த வயதுக்கு வாழ்ந்த மியூசிக் சர்வர் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் ‘எது சிறந்தது?’ என்று தொடங்காதீர்கள். ‘இது நாளைக்கே நின்றுபோனால் என் கையில் என்ன மிஞ்சும்?’ என்று தொடங்குங்கள். நம்பகமான சர்வர் என்று நான் சொல்வது, போகும்போது எதையும் எடுத்துக்கொண்டு போகாத சர்வரை.

இது வெறும் பயம் இல்லை. கூகுள் பிளே மியூசிக் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சொந்தப் பாடல்களை 50,000 வரை இலவசமாக ஏற்றி வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். 2020 இறுதியில் அந்தச் சேவை மூடப்பட்டது. மாற்றிக்கொள்ள அவகாசம் தந்தார்கள். 2021 பிப்ரவரியில் மிச்சம் இருந்ததை அழித்தார்கள். மற்றவர் வீட்டில் வைத்தால்தான் இப்படி என்று சொல்லவும் முடியாது. வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் மென்பொருள்களுக்கும் இதே கதை உண்டு. எம்பி என்ற மீடியா சர்வர் திறந்த மூலமாக வளர்ந்தது. பிறகு மூலநிரலை மூடினார்கள். அதில் உழைத்தவர்களில் ஒரு பகுதியினர் கடைசியாகத் திறந்திருந்த பதிப்பை எடுத்துக்கொண்டு 2018 டிசம்பரில் ஜெல்லிஃபின் என்று தனியே தொடங்கினார்கள். சப்சானிக் என்ற மியூசிக் சர்வரும் 2016இல் மூலநிரலை மூடியது. அதிலிருந்து லிப்ரேசானிக் பிரிந்தது, அதிலிருந்து ஏர்சானிக் வந்தது, அதுவும் ஓய்ந்துவிட்டது.

சப்சானிக்கின் கதையில் நமக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அந்த மென்பொருளை இன்று பெரிதாக யாரும் பயன்படுத்துவதில்லை. ஆனால் சர்வரும் போனில் உள்ள ஆப்பும் பேசிக்கொள்ள அது வகுத்த முறை பிழைத்துக்கொண்டது. பிறகு வந்த பல சர்வர்கள் அதே முறையை ஏற்றுக்கொண்டன. அந்த முறைக்கு எழுதப்பட்ட ஆப்புகள் புது சர்வரோடும் வேலை செய்கின்றன. ஒரு பக்கம் விழுந்தால் மறுபக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு விழுந்ததை மட்டும் மாற்ற முடிகிறது. சர்வரும் ஆப்பும் ஒரே கம்பெனியுடையதாக, வேறு யாரோடும் பேசாததாக இருந்தால் இந்த வசதி கிடையாது.

இதைவிட நல்ல கதை ஸ்குவீஸ்பாக்ஸ். ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறிய அமெரிக்கக் கம்பெனி 2001இல் ஒரு பெட்டி போட்டது. கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை நெட்வொர்க் வழியாக வாங்கி ஸ்டீரியோவில் பாடும் பெட்டி. 2003இல் அதன் அடுத்த வடிவமாக ஸ்குவீஸ்பாக்ஸ் வந்தது. பெட்டியை விற்றார்கள், கம்ப்யூட்டரில் ஓடும் சர்வரைத் திறந்த மூலமாக விட்டார்கள். 2006இல் லாஜிடெக் அந்தக் கம்பெனியை 2 கோடி டாலருக்கு வாங்கியது. 2012இல் ஸ்குவீஸ்பாக்ஸ் வரிசையையே நிறுத்தியது. வழக்கமாக இத்தோடு கதை முடிந்திருக்கும். முடியவில்லை. சர்வரின் மூலநிரல் எல்லோர் கையிலும் இருந்ததால் அதைப் பயன்படுத்தியவர்களே தொடர்ந்து திருத்தி வந்தார்கள். பெட்டி கிடைக்காமல் போனதும், ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கம்ப்யூட்டரையே ஸ்குவீஸ்பாக்ஸ் மாதிரி நடந்துகொள்ளச் செய்யும் ஸ்குவீஸ்லைட் என்ற சிறு நிரலை எழுதினார்கள். 2024இல் லாஜிடெக் தன் பக்கத்து இணையச் சேவையையும் மூடியது. இணைய ரேடியோவுக்கு அதை நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. வீட்டு சர்வரில் சொந்தப் பதிவுகளைக் கேட்டவர்களின் பாட்டு நிற்கவில்லை. அதே ஆண்டில் சர்வருக்கு லிரியன் மியூசிக் சர்வர் என்று புதுப் பெயர் வைத்தார்கள். கம்பெனி கைவிட்டு இத்தனை ஆண்டு கழித்தும் பாடிக்கொண்டிருக்கும் இன்னொரு வீட்டு மியூசிக் சர்வரை எனக்குத் தெரியாது. ஹாலில் கச்சேரி கேட்பதற்கு லிரியனைப் போடுங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இந்த வரலாறு. வசதிகள் அதற்குப் பிறகுதான்.

மென்பொருளின் பெயர்களுக்குள் போவதற்கு முன், நம் பதிவுகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இந்த சர்வர்கள் எல்லாம் ஒரு பாடகர், ஓர் ஆல்பம், பன்னிரண்டு பாட்டு என்ற கணக்கில் எழுதப்பட்டவை. நம் கச்சேரி அந்தக் கணக்கில் அடங்காது. பாடியவர் ஒருவர், வயலின் ஒருவர், மிருதங்கம் ஒருவர், கடமோ கஞ்சிராவோ இன்னொருவர். ராகம், தாளம், இயற்றியவர், சபா, ஆண்டு. ஒரே பாட்டை அவரே வெவ்வேறு ஆண்டில் நான்கு விதமாகப் பாடியிருப்பார். நமக்கு நான்கும் வேண்டும். ‘இன்றைக்குத் தோடி கேட்கலாம்’ என்றுதான் நாம் உட்காருகிறோம். ‘இன்றைக்கு ஓர் ஆல்பம் கேட்கலாம்’ என்று யாரும் உட்காருவதில்லை.

இந்த விவரங்கள் உங்களில் பெரும்பாலோரிடம் மூன்று இடங்களில் இருக்கின்றன: கேசட் அட்டையின் பின்புறம், ஒரு நோட்டுப் புத்தகம், உங்கள் ஞாபகம். சர்வர் போட்டதும் நான்காவது இடம் ஒன்று வந்து சேரும், சர்வரின் டேட்டாபேஸ். பல சர்வர்களில் திரையிலேயே பெயரைத் திருத்தலாம், படம் சேர்க்கலாம், குறிப்பு எழுதலாம். வசதியாகத்தான் இருக்கும். தயவுசெய்து அங்கே எழுதாதீர்கள். அங்கே எழுதியது பெரும்பாலும் அந்த சர்வருக்குள்ளேயே இருந்துவிடும். சர்வரை மாற்றும் அன்று அத்தனை உழைப்பும் போய்விடும். எந்த ஆண்டு, எந்த சபா, யார் வயலின் என்பதை ஒலிக் கோப்புக்குள்ளேயே டேக்காக எழுதுங்கள். எம்.பி.3 டேக், கிட்3, பிக்கார்ட் போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன. கோப்பு எங்கே போனாலும் விவரமும் கூடவே போகும். உங்களுக்குப் பின் உங்கள் பேத்தி அந்த டிஸ்க்கைத் திறந்து பார்த்தாலும், யார் பாடினார், யார் வாசித்தார் என்று அவளுக்குத் தெரியும்.

கேசட்டிலிருந்து புதிதாக ஏற்றுகிறவர்கள் ஃபிளாக் வடிவத்தில் சேமியுங்கள். 2001இல் வந்தது, திறந்த வடிவம், 2024 டிசம்பரில் இணையத் தரமாகவும் பதிவாகிவிட்டது. ஒலியில் எதையும் வெட்டாமல் சுருக்கும். சி.டி. தரத்தில் ஒரு மணி நேர ஒலி சுமார் 635 எம்.பி.; ஃபிளாக்கில் அது ஏறத்தாழப் பாதியாகும். மூன்று மணி நேரக் கச்சேரி ஒரு ஜி.பி.யை ஒட்டி வரும். ஒரு டி.பி. டிஸ்க்கில் ஆயிரம் கச்சேரி வைக்கலாம் என்னும்போது இடத்துக்காக ஒலியை வெட்டுவதில் அர்த்தம் இல்லை. ஏற்கெனவே எம்.பி.3 ஆக வந்து சேர்ந்தவற்றை ஃபிளாக்காக மாற்ற வேண்டாம். வெட்டிய ஒலி திரும்பி வராது, கோப்புதான் பெருக்கும்.

ஃபிளாக்கில் நமக்கு இரண்டு லாபம் உண்டு. மூல ஒலியின் சரிபார்ப்பு எண் ஒன்றைக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதி வைக்கிறது. பத்து ஆண்டு கழித்து டிஸ்க்கில் ஒரு துளி கெட்டுப்போயிருந்தாலும் சோதித்தால் தெரிந்துவிடும். எம்.பி.3யில் ஒலி முழுவதற்கும் இப்படி ஒரு காவல் இல்லை. இன்னொன்று, அதன் டேக்கில் நமக்கு வேண்டிய பெயரில் வேண்டிய களத்தை உண்டாக்கிக்கொள்ளலாம். ராகம், தாளம், வயலின், மிருதங்கம், சபா எல்லாவற்றுக்கும் தனித்தனிக் களம் வைக்கலாம். களத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், உள்ளே தமிழிலேயே எழுதலாம். ஒரே களத்தில் பல பெயர்களும் போடலாம்.

எல்லா சர்வரும் இந்தச் சொந்தக் களங்களைக் காட்டாது. அதற்கு நான் சொல்லும் வழி: ராகத்தைத் தனிக் களத்திலும் எழுதுங்கள், ‘ஜானர்’ களத்திலும் எழுதுங்கள். முழுக்கக் கர்நாடக இசையே இருக்கும் ஒரு தொகுப்பில் எல்லாப் பாட்டுக்கும் ‘கர்நாடக சங்கீதம்’ என்று ஜானர் போடுவதால் ஒரு பயனும் இல்லை. அந்த இடத்தில் ராகத்தின் பெயரைப் போட்டால், எந்த சர்வரானாலும் எந்த ஆப்பானாலும் ஜானர் என்பதைத் தொட்டவுடன் ராக வரிசை வந்து நிற்கும். கல்யாணியைத் தொட்டால் வீட்டில் உள்ள கல்யாணி அத்தனையும் வரும்.

தமிழில் டேக் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. யூனிகோடில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ‘தோ’ என்பதில் உள்ள ஓகாரம் ஒரே குறியாகவும் இருக்கலாம். முன்னால் ஓர் இரட்டைக்கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு குறியாகப் பிரிந்தும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் சர்வர் பார்ப்பது எழுத்தின் வடிவத்தை இல்லை, எண்ணை. ஒரு தோடி ஓர் இடத்திலும் இன்னொரு தோடி வேறிடத்திலுமாக ராக வரிசையில் இரண்டு தோடி வந்து நிற்கும். போனில் தேடினால் பாதிதான் கிடைக்கும். பழைய மேக் கம்ப்யூட்டர்கள் கோப்பின் பெயரைப் பிரித்த வடிவத்தில்தான் சேமித்தன. அங்கிருந்து டிஸ்க்கைக் கொண்டுவந்து லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்களின் பிளேலிஸ்ட்டில் பல பாட்டுகள் ‘கோப்பு இல்லை’ என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நமக்கு இது சின்ன விஷயமே இல்லை: தோடி, மோகனம், காம்போதி, கௌளை எல்லாமே இந்தக் குறிகளைக் கொண்டவை. கௌளையில் கூடுதலாக ஒன்று, ஔகாரக் குறிக்குப் பதில் ளகரத்தைத் தட்டிவிடுகிறார்கள். பார்க்கச் சரியாக இருக்கும், தேடினால் வராது. டேக் மென்பொருளிலோ ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியோ எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அதன் பிறகு சர்வரைத் திறந்துவிடுங்கள்.

இப்போது மென்பொருள்கள்.

ஹாலுக்கு லிரியன். விண்டோஸ், மேக், லினக்ஸ், ராஸ்பெர்ரி பை எல்லாவற்றிலும் ஓடும். டேக் வழியாகவும் பார்க்கலாம். டேக் எழுதி முடிக்காதவர்கள் ஃபோல்டர் வழியாகவும் பார்க்கலாம். வேலை பாதியில் இருக்கும் உங்களில் பலருக்கு இந்த ஃபோல்டர் வழி பெரிய ஆறுதல். ஹாலிலும் சமையலறையிலும் இரண்டு பெட்டி வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் தாளம் பிசகாமல் பாடும். அதைவிட முக்கியம், ஒரு டிராக்கிலிருந்து அடுத்த டிராக்குக்கு இடைவெளி விழாது. சி.டி.யில் ராகம், தானம், பல்லவி, தனி என்று நான்காக வெட்டியிருப்பார்கள். சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். முக்கியமான ராகம் பாதியில் பக்கம் மாறியிருக்கும், நீங்களும் இரண்டு கோப்பாக ஏற்றியிருப்பீர்கள். கேசட்டைத் திருப்பிப் போட்ட நேரத்தில் விட்டுப்போன ஸ்வரங்களை யாரும் மீட்டுத் தர முடியாது. இருக்கிற இடத்திலாவது சர்வர் தன் பங்குக்கு ஒரு மௌனத்தைச் சொருகக் கூடாது. தானத்தின் கடைசி ஸ்வரத்துக்கும் பல்லவியின் எடுப்புக்கும் நடுவே அரை விநாடி வெற்றிடம் விழுந்தாலும் கேட்கிறவருக்கு உடம்பு ஒரு தரம் குலுங்கும். எந்த சர்வரைப் போட்டாலும் முதலில் சோதிக்க வேண்டியது இது.

ஒலி அளவும் அப்படித்தான். ஒரு பதிவு முணுமுணுக்கும், அடுத்தது அலறும். ரீப்ளேகெயின் என்ற முறையில் ஒவ்வொரு பதிவின் அளவையும் கணித்து டேக்கில் எழுதி வைத்தால், சர்வர் பாடும்போது சரிசெய்துகொள்ளும். மூல ஒலியைத் தொடாது. அதில் பாட்டு வாரியாகச் சரிசெய்யும் வழியைத் தேர்ந்தெடுக்காமல் ஆல்பம் வாரியாகச் சரிசெய்யும் வழியை எடுங்கள். பாட்டு வாரியாகச் செய்தால் மெதுவாகத் தொடங்கும் ஆலாபனையும் முழு வேகத்தில் போகும் தனியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். கச்சேரியின் ஏற்ற இறக்கம் செத்துப்போகும்.

போனுக்கு நாவிட்ரோம். சப்சானிக் வகுத்த முறையைப் பேசும் புதிய தலைமுறை சர்வர்களில் இதுதான் நன்றாக வளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு கோப்பாக வரும், கொஞ்சம் நினைவகமே போதும், திறந்த மூலம். இதற்கென்று ஒரு தனி ஆப்பைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆண்ட்ராய்டில் சிம்ஃபோனியம், ஐபோனில் ஆம்பர்ஃபை என்று பலவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். பயணத்துக்கு முன் வேண்டிய கச்சேரியைப் போனிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத ஊரிலும் பாடும். வெளியிலிருந்து கேட்கும்போது ஃபிளாக்கை ஓபஸ் வடிவத்துக்குச் சுருக்கி அனுப்பச் சொல்லலாம். டேட்டாவும் மிஞ்சும், தம்புராவின் சுநாதமும் பெரிதாகக் குறையாது. இதன் பலவீனம், டேக்கையே முழுக்க நம்புவது. டேக் இல்லாத கோப்புகளை ‘பெயர் தெரியாதவர்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். டேக் வேலை முடிந்த பிறகு இதைப் போடுங்கள்.

லிரியனா நாவிட்ரோமா என்று மோத வேண்டிய அவசியமே இல்லை. இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் ஓடட்டும், ஒரே ஃபோல்டரைப் படிக்கட்டும். விவரம் எல்லாம் கோப்புக்குள் இருப்பதால் இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் காட்டும். இப்படி இரண்டு சர்வரை ஒரே தொகுப்பின் மேல் உட்கார வைக்க முடிந்தால், தொகுப்பு எந்த சர்வருக்கும் அடிமையாகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

நல்ல ஆம்ப்ளிஃபையரோடு டி.எல்.என்.ஏ. வசதியுள்ள ஸ்ட்ரீமரும் வாங்கி வைத்திருக்கிறவர்கள் மினிம்சர்வரைப் பாருங்கள். மேற்கத்திய செவ்வியல் இசை கேட்பவர்கள் அதை விரும்புவதற்குக் காரணம் நமக்கும் பொருந்தும்: நாம் உண்டாக்கிய எந்தக் களத்தையும் அது வரிசையாகக் காட்டும். ராகம் என்று தொட்டு, உள்ளே தாளம் என்று தொட்டு, உள்ளே வயலின் யார் என்று பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் டி.எல்.என்.ஏ.வில் இடைவெளி இல்லாமல் பாடுவது சர்வரின் கையில் இல்லை, பாடும் கருவியின் கையில் இருக்கிறது. வாங்கும்போதே கடையில் சோதித்துப் பாருங்கள்.

ஜெல்லிஃபின் நல்ல மென்பொருள். வீட்டில் சினிமாவும் குடும்ப வீடியோவும் சேர்ந்து இருந்தால் போடலாம். கச்சேரிக்கு மட்டும் என்றால் தேவையில்லை. ரூன் அழகாக இருக்கும், விலை அதிகம், கணக்கும் வேண்டும். 2023இல் ஹார்மன் அதை வாங்கிவிட்டது. பிளெக்ஸுக்கும் அந்தக் கம்பெனியின் கணக்கு வேண்டும். இரண்டையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் வீட்டு அலமாரியில் உள்ள பதிவை நான் கேட்பதற்கு இன்னொரு ஊரில் உள்ள சர்வர் அனுமதி கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடு இல்லை.

கம்ப்யூட்டரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சி.டி. தர ஒலிக்கு விநாடிக்கு 1.4 மெகாபிட் போதும். எந்த வைஃபையும் அதைத் தாங்கும். ராஸ்பெர்ரி பை 4 தாராளம். நம் ஊரில் கவலைப்பட வேண்டியது மின்வெட்டைப் பற்றி. ராஸ்பெர்ரி பையில் மெமரி கார்டில் சர்வர் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெடலாம். எஸ்.எஸ்.டி.யில் போடுங்கள், சின்ன யு.பி.எஸ். ஒன்று வையுங்கள், ரவுட்டருக்கும் சேர்த்து வையுங்கள். ரவுட்டர் அணைந்தால் சர்வர் மட்டும் விழித்திருந்து பயனில்லை. ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கும் பெட்டிக்கு பைகோர்பிளேயர் நல்லது. அது முழுவதும் நினைவகத்தில் ஓடுவதால், பட்டென்று கரண்ட் போனாலும் கார்டுக்கு ஆபத்து குறைவு. பழைய லேப்டாப்பின் பேட்டரி நன்றாக இருந்தால் அதுவே சர்வருக்கும் ஆகும், யு.பி.எஸ்.ஸுக்கும் ஆகும், பேட்டரி உப்பியிருந்தால் வேண்டவே வேண்டாம்.

பதிவுகள் உள்ள ஃபோல்டரைப் படிக்க மட்டும் சர்வருக்கு அனுமதி கொடுங்கள், எழுத அனுமதி கொடுக்காதீர்கள். பாட்டைப் பாட சர்வர் கோப்பில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. எழுத வேண்டியது நீங்கள், அதுவும் டேக் மென்பொருளில். குறைந்தது இரண்டு பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு டிஸ்க்கை, ஒன்றின் நகலாக மற்றது இருக்கும்படி ரெய்டு முறையில் சேர்த்து வைத்துவிட்டு அதையே பிரதி என்று நினைக்க வேண்டாம். தவறி அழித்த கோப்பு இரண்டிலும் சேர்ந்தே அழியும்.

வெளியூரிலிருந்து கேட்பதற்காக ரவுட்டரில் கதவைத் திறந்துவைக்கும் வேலையைச் செய்யாதீர்கள். லிரியன் வீட்டு நெட்வொர்க்கை நம்பி எழுதப்பட்டது. திறந்த இணையத்தில் நிறுத்துவதற்கு வேண்டிய காவல் அதற்கு இல்லை. வயர்கார்ட் அல்லது டெய்ல்ஸ்கேல் மூலம் உங்கள் போனை வீட்டு நெட்வொர்க்கோடு தனிப் பாதையில் இணைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பல இணைப்புகளுக்குச் சொந்த ஐ.பி. முகவரி கிடைப்பதில்லை, அங்கேயும் டெய்ல்ஸ்கேல் வேலை செய்யும். இதில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. உங்களிடம் உள்ள பல பதிவுகள் கலைஞரின் வீட்டாரோ சபாக்காரரோ நம்பிக் கொடுத்தவை. நிகழ்த்திய கலைஞருக்கு நம் சட்டம் 50 ஆண்டு உரிமை தருகிறது. வீட்டில் கேட்பதற்கென்று வந்தது வீட்டிலேயே இருக்கட்டும்.

எதைப் போட்டாலும், முழுத் தொகுப்பையும் ஒப்படைப்பதற்கு முன் கொஞ்சம் பதிவுகளை மட்டும் கொடுத்துப் பழகிப் பாருங்கள். இணைய வயரைப் பிடுங்கிவிட்டுப் பாடச் சொல்லுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போது ஸ்விட்சை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். யாரும் கைவைக்காமல் தானே எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாக சர்வரை முழுவதுமாக நீக்கிவிட்டு வேறு கம்ப்யூட்டரில் புதிதாகப் போடுங்கள். எது காணாமல் போகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாகப் பிளேலிஸ்ட்டும், பிடித்தது என்று நட்சத்திரம் போட்டதும் போகும். அவற்றுக்காக டேட்டாபேஸைத் தனியே பிரதி எடுங்கள். ராகமும் வயலினும் காணாமல் போனால் டேக் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். ஓடிக்கொண்டிருப்பதைப் புதுப்பிக்கவும் அவசரம் காட்ட வேண்டாம். புதுப் பதிப்பு வந்த அன்றே ஏற்றாதீர்கள். பழைய டேட்டாபேஸின் பிரதி கையில் இருக்கும்போது, வீட்டுக்கு யாரும் கச்சேரி கேட்க வராத ஒரு நாளில் ஏற்றுங்கள்.

இதில் தனியாகச் செய்ய முடியாத வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. நாம் ஒருவருக்கொருவர் பதிவுகளைக் கொடுத்து வாங்குகிறோம். ஒருவர் ராகத்தை ஆங்கிலத்தில் எழுதுகிறார், அதிலும் தோடிக்கு இரண்டு எழுத்துக்கூட்டல். இன்னொருவர் தமிழில் எழுதுகிறார், கரகரப்ரியாவா கரஹரப்ரியாவா என்பதில் வீட்டுக்கு வீடு மாறுகிறது. வாங்கிய ஒவ்வொரு கச்சேரியையும் திரும்ப டேக் செய்ய வேண்டியிருக்கிறது. களங்களின் பெயரையும் ராகங்களின் எழுத்துக்கூட்டலையும் நாம் ஒரு முறை உட்கார்ந்து முடிவு செய்துவிட்டால், ஒருவர் செய்த உழைப்பு எல்லோருக்கும் ஆகும். 72 மேளகர்த்தாக்களிலும் நம் பதிவுகளில் அடிக்கடி வரும் ஜன்ய ராகங்களிலும் தொடங்கலாம். சீசன் தொடங்குவதற்குள் சந்திப்போம். பட்டியலின் முதல் வரைவை நான் எழுதிக் கொண்டுவருகிறேன். உங்கள் நோட்டுப் புத்தகங்களை எடுத்து வாருங்கள். காம்போதியா காம்போஜியா என்பதை அன்றைக்கு எல்லோருமாக முடிவு செய்துகொள்ளலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்